மே தின உண்டியல் முதல் மார்ச் 31 வரை: தொழிலாளர் வரலாற்று மையத்தின் வரவு செலவு

ஏப்ரல் 27, மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்கிய நாள் (1918). மே 1, சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் கொண்டாடிய மே தினம். சென்னையில் தொழிலாளர் வரலாற்று ஆவணங்களைக் காக்கும் சிறு அமைப்புக்கு நன்கொடை திரட்ட இவையே நல்ல நாட்கள். இரண்டும் நிதியாண்டின் தொடக்கத்தில் வருவதால், அந்தப் பணம் அடுத்த மார்ச் வரை ஓட வேண்டும். வாடகை, கரண்ட் பில், சம்பளத்துக்கு ஒதுக்கிவிட்டுக் கண்காட்சி பற்றிப் பேசுங்கள்.

உண்டியலை இருவர் எண்ணி, நோட்டுவாரியாக எழுதிக் கையெழுத்திட்டு, அடுத்த வங்கி வேலைநாளில் முழுசாகக் கட்டுங்கள். அதிலிருந்தே டீக்கும் ஷாமியானாவுக்கும் கொடுத்தால் வரவும் குறையும், செலவுக்கும் தடம் இருக்காது. பெயர் தெரியாத நன்கொடை 1 லட்சம் ரூபாய் அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இதில் எது அதிகமோ அதைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 30 சதவீத வரி. நன்கொடை தந்ததற்கு வருமான வரிச் சலுகை (80ஜி எனப்படுவது) கேட்பவரிடம் பான் எண்ணை அப்போதே வாங்கிவிடுங்கள். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் சலுகை இல்லை என்பதையும் சொல்லிவிடுங்கள்.

பலர் சறுக்குவது வெளிநாட்டுப் பணத்தில். ஆலைத் தொழிலாளியின் மகள் டொராண்டோவில் இருந்தாலும் இந்தியக் குடிமகள் என்றால் அது உள்நாட்டு நன்கொடைதான். கனடா குடியுரிமை வாங்கியவர் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருந்தாலும், சென்னை வங்கிக் கணக்கிலிருந்து ரூபாயாகவே அனுப்பினாலும், அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. ரசீதுப் புத்தகத்திலேயே குடியுரிமைக்கு ஒரு கட்டம் அச்சிடுங்கள்.

ஸ்கேன் செய்யக் கிடைத்த மானியத்தை எடுத்து வாடகை கட்டும் நிலை ஏன் வருகிறது? விண்ணப்பத்தில் வாடகைப் பங்கைக் கேட்காததால்தான். ஏசி கரண்ட் (சென்னைப் புழுக்கத்தில் பழைய தாளுக்கு இது ஆடம்பரமில்லை), கரையான் மருந்து, இரண்டு பிரதிக்கு ஹார்ட் டிஸ்க் எல்லாம் விண்ணப்பத்தில் போடுங்கள். ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தாக்க நாலைந்து மணி நேரக் கூலியாவது வையுங்கள். மானியத்துக்குத் தனிப் பேரேடு கட்டாயம்.

வரிவிலக்குக்கு ஆண்டு வருமானத்தில் 85 சதவீதம் செலவாகியிருக்க வேண்டும். 10 லட்சம் வந்தால் 8.5 லட்சம். மார்ச் 31 தேதியிட்ட அச்சக பில் போதாது, பணம் அன்றைக்குள் போயிருக்க வேண்டும். எட்டாது என்று தெரிந்தால் பிப்ரவரியிலேயே ஆடிட்டரிடம் சொல்லுங்கள். எதற்காகச் சேர்க்கிறோம் என்று குறிப்பிட்டுச் செயற்குழுவில் தீர்மானம் போட்டு, உரிய படிவத்தைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் 5 ஆண்டு வரை வைத்துச் செலவிடலாம்.