இரண்டு இடத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் வரிக் கணக்கை எப்படிப் பார்ப்பது?

வேலூர் சத்துவாச்சாரியில் வரிக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பது என் தொழில். பகலில் ராணிப்பேட்டை சிப்காட், சாயங்காலம் காட்பாடியில் டியூஷன் சென்டர் என்று இரண்டு சம்பளம் வாங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர் வருகிறார்கள். உட்கார்ந்ததும் கேட்பது இதுதான்: "அக்கா, ரெண்டு இடத்துலயும் வரியே பிடிக்கலையே, நான் எதுக்குக் கட்டணும்?"

பிடிக்காததுதான் சிக்கலே. ஒவ்வொரு முதலாளியும் தான் கொடுக்கும் சம்பளத்தை மட்டும்தான் பார்க்கிறார்.

2025-26 நிதியாண்டு, புதிய வரி முறை. ஓரிடத்தில் வருஷத்துக்கு 7,20,000, இன்னோரிடத்தில் 6,60,000 என்று வையுங்கள். இரண்டு அலுவலகமும் தனித்தனியே, சம்பளக்காரர்களுக்குக் கழிக்கும் 75,000 ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் கொடுத்து, 12 லட்சத்துக்குள் இருப்பதால் தள்ளுபடியும் கொடுத்து, வரி இல்லை என்று முடித்துவிடும். ஆனால் அந்த 75,000 ஆளுக்கு ஒரு தடவைதான். சேர்த்துப் பார்த்தால் 13,80,000, கழித்தால் 13,05,000. தள்ளுபடி போய்விடும். வரி 75,750, அதன்மேல் 4% செஸ் சேர்த்து 78,780 ரூபாய். ஜூலையில் மொத்தமாக இந்தத் தொகையைச் சொன்னால் யாருக்கும் முகம் வாடத்தான் செய்யும்.

இதைத் தவிர்க்க வழி உண்டு. இரண்டில் ஒரு முதலாளியிடம், மற்ற இடத்துச் சம்பளத்தையும் அங்கே பிடித்த வரியையும் எழுதிக் கொடுங்கள்; 2025-26 வரை அதற்கு 12பி என்று ஒரு படிவம் இருந்தது. அவர் இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டு, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துவிடுவார். 2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம் நடப்பில் இருப்பதால், இனிமேல் படிவ எண்ணைச் சொல்லாமல் விஷயத்தைச் சொல்லி அக்கவுன்ட்ஸில் கேளுங்கள்.

சொல்ல விருப்பமில்லையா? முன்கூட்டிய வரியை நீங்களே கட்டலாம். பிடித்தது போக 10,000 ரூபாயோ அதற்கு மேலோ பாக்கி நிற்கும் என்றால் கட்டியே ஆக வேண்டும்: ஜூன் 15-க்குள் 15%, செப்டம்பர் 15-க்குள் 45%, டிசம்பர் 15-க்குள் 75%, மார்ச் 15-க்குள் முழுவதும். தவறினால் மாதத்துக்கு 1% வட்டி ஏறும்.

இரண்டாவது இடத்தில் சம்பளமாக இல்லாமல் கட்டணமாகக் கொடுத்து 10% பிடிக்கிறார்களா? அதோடு வரி முடிந்தது என்று நினைக்காதீர்கள், அது முன்பணம்தான். அந்த வருமானம் இருந்தால், சம்பளக்காரர்கள் போடும் எளிய கணக்குப் படிவமான ஐ.டி.ஆர்-1 போட முடியாது. டாக்டர், வக்கீல், இன்ஜினியர் போன்றவர்கள் வரவில் பாதியை லாபமாகக் காட்டும் வழியில் ஐ.டி.ஆர்-4 போடலாம். வரவு வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் வேண்டும்.

பி.எஃப். இரண்டு இடத்திலும் பிடித்தால் ஒரே யு.ஏ.என். எண்ணையே (உங்கள் நிரந்தர பி.எஃப். உறுப்பினர் எண்) கொடுங்கள். தொழில் வரியில், இரண்டு வேலையும் வேலூர் மாநகராட்சிக்குள் என்றால் வருஷத்துக்கு 2,500-க்கு மேல் உங்களிடம் வாங்க முடியாது. ஓரிடத்து ரசீதை மற்ற இடத்தில் காட்டுங்கள்.

வரியைவிட எனக்குக் கவலை, வேலை ஒப்பந்தத்தைப் பற்றி. வேறு வேலை பார்க்கக் கூடாது என்ற நிபந்தனை நியமனக் கடிதத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 1973-ம் ஆண்டு நடத்தை விதிகளின்படி அனுமதி கட்டாயம். ஆம்பூர், மேல்விஷாரம் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடித்து, அன்றே இன்னொன்றில் நிற்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் 60-வது பிரிவே அதைத் தடுத்தது. உடம்புக்கும் நல்லதில்லை, தயவுசெய்து வேண்டாம்.

தாக்கலுக்கு முன் வருமான வரித் தளத்தில் ஏ.ஐ.எஸ்-ஐ (உங்கள் வருமானம் பற்றித் துறைக்கு வந்த வருஷ விவரப் பட்டியல்) திறந்து பாருங்கள். இரண்டு முதலாளிகளின் டான் எண்ணும் (வரி பிடிப்பவருக்குத் துறை கொடுக்கும் எண்) தனித்தனி வரிசையில் நிற்கும்; துறைக்கு இரண்டும் தெரியும். முதலாளிகள் கொடுக்கும் சம்பள, வரிச் சான்றான பாரம் 16 இரண்டையும் பக்கத்தில் வைத்துத் தொகையை ஒப்பிட்டு, ஜூலை 31-க்குள் தாக்கல் செய்துவிட்டு, 30 நாளுக்குள் ஆதார் ஓ.டி.பி. போட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.