பழைய ஓவியத்து மரங்களைப் பார்க்கும்போது நாம் விடும் பிழைகள்

கொழும்பின் கறுவாத்தோட்டத் தெருக்களில் நடந்து பழகியவர்களுக்குப் பழைய கொழும்பு என்றாலே தெருவுக்குக் குடை பிடித்த மழைமரங்கள்தான் நினைவுக்கு வரும். ஒல்லாந்தர் காலத்துக் கொழும்பை இன்று கற்பனையாக வரைபவர்களும் அந்த மரத்தையே நட்டுவிடுகிறார்கள். அது அமெரிக்க வெப்பநாடுகளின் மரம். 19ஆம் நூற்றாண்டில்தான் இங்கு வந்தது. ஒல்லாந்தர் அங்கே வளர்த்தது கறுவா. பட்டைக்காக வெட்ட வெட்ட அடியிலிருந்து துளிர்த்துப் புதராகவே நிற்கும். பழைய படமொன்றில் அப்படிப் புதர் தெரிந்தால் வெறும் பற்றைக்காடு என்று கடந்துவிடாதீர்கள்.

பெரிய பிழை, ஓவியத்தை நிழற்படம்போல நம்புவது. ஆங்கிலேய ஓவியர் சாமுவேல் டானியல் 1806 முதல் 1811இல் இறக்கும்வரை இலங்கையில் இருந்தவர். அவருடைய இலங்கைக் காட்சிகள் 1808இல் லண்டனில் அச்சாயின. அவரைப் போன்றவர்கள் இங்கே கண்ணால் பார்த்துத்தான் வரைந்தார்கள். ஆனால் படத்தை எப்படி அடுக்குவது என்ற பழக்கம் ஐரோப்பாவிலிருந்து கூடவே வந்தது. 17ஆம் நூற்றாண்டில் ரோமில் வாழ்ந்த இயற்கைக்காட்சி ஓவியர் குளோட் லொரேன், படத்தின் ஓரத்தில் இருண்ட பெருமரம் ஒன்றை நிறுத்தி, பார்ப்பவர் கண்ணை அதன் பக்கமாக ஒளி நிறைந்த தூரத்துக்கு அனுப்புவார். அவருக்குப் பின் வந்த பலருக்கு அதுவே வாய்பாடாயிற்று. வெப்பநாட்டுக் காட்சிகளில் அந்த ஓரத்து இடம் தென்னைக்கோ ஆலுக்கோ போனது. ஆகவே ஓரத்து மரத்தைக் காட்டி “அந்த இடத்தில் அன்று இந்த மரம் நின்றது” என்று சொல்வதற்கு முன், அது படச்சட்டத்தின் வேலையைச் செய்கிறதா என்று பாருங்கள். குளோட்டுக்கு மரம் தெரியாது என்றும் எண்ணவேண்டாம். வெளியே போய் மரங்களை நேரில் பார்த்து அவர் வரைந்த தாள்கள் அத்தனை உயிரோடு இருக்கின்றன.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு: விசித்திரமாகத் தெரிவதையெல்லாம் கற்பனை என்று தள்ளுவது. உச்சியில் பல அடி உயரத்துக்குப் பூங்கொத்து விரித்த பனை ஒன்றைக் கண்டு ஓவியர் மிகைப்படுத்திவிட்டார் என்பார்கள். தாளிப்பனை அப்படித்தான் பூக்கும். வாழ்நாளில் ஒரே முறை, பிறகு பட்டுப்போகும்.

நிறத்தை அப்படியே நம்பவேண்டாம். ஒல்லாந்து எண்ணெய் ஓவியங்கள் சிலவற்றில் இலைகள் நீலமாக இருப்பதற்குக் காரணம், பச்சைக்காகச் சேர்த்த மஞ்சள் சாயம் வெளிச்சத்தில் மங்கிப்போனதுதான். நீர்வண்ணத்தில் பெரும்பாலும் அவுரி நீலமே முதலில் மங்கும், பச்சை பழுப்பாகும்.

எனக்கு மனம் நோவது, விகாரைச் சுவரோவியங்களைப் பார்த்து “இவர்களுக்குத் தூரமும் அளவும் தெரியாது” என்று சொல்லும்போதுதான். கண்டி மரபில் கதை நீண்ட பட்டைகளாக நகரும். பல இடங்களில் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்குவதை நடுவில் நிற்கும் மரம்தான் சொல்லும். மனிதர் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கும் மரத்தில் இலைகளை எண்ணிவிடலாம். கிட்டப் போய் அந்த இலையைப் பாருங்கள்: நுனி வால்போல நீண்டிருந்தால் அது அரசமரம்.