கஞ்சா பூவை மிளகாய் வத்தல் மாதிரி காய வைக்காதீங்க

சவுத் ஆப்பிரிக்கா டர்பன்ல நம்ம ஆளுங்க இருக்குற சாட்ஸ்வொர்த் பக்கம் ஏப்ரல் மாசம் அறுவடை முடிஞ்சா என்கிட்ட வர்ற கேள்வி ஒண்ணேதான். அண்ணே, நாலு மாசம் பிள்ளை மாதிரி பாத்து வளத்தேன், பூவும் நல்லா வந்துச்சு, இப்ப ஜாரைத் திறந்தா மாட்டுக்கொட்டாய் நாத்தம் அடிக்குது, என்ன பண்றது? வளக்குற வரைக்கும் எல்லாரும் கரெக்டாதான் பண்றாங்க, வெட்டினதுக்கு அப்புறம் அந்த மூணு நாலு வாரத்துலதான் கெடுத்துடுறாங்க.

2018 செப்டம்பர்ல கான்ஸ்டிடியூஷனல் கோர்ட் தீர்ப்பு வந்ததுல இருந்து சவுத் ஆப்பிரிக்கால வயசு வந்தவங்க சொந்த உபயோகத்துக்கு தன் இடத்துல வளத்து வச்சுக்கலாம், 2024ல அதுக்குன்னு தனிச் சட்டத்துலயும் பிரெசிடென்ட் கையெழுத்துப் போட்டுட்டார், ஆனா விக்கிறது இப்பவும் குத்தம்தான். கரும்புத் தோட்டத்துக்கு கப்பல்ல வந்த நம்ம ஆளுங்க தொடக் கூடாதுன்னு 1870லயே நேட்டால்ல, அதாவது டர்பன் இருக்குற இந்தப் பகுதியில, சட்டம் போட்டுத் தடுத்த செடி இது. இன்னைக்கு கொல்லையில பயமில்லாம நிக்கிறப்ப அதை பூஞ்சைக்குக் குடுக்கிறதைப் பாத்தா எனக்கு மனசு ஆறல.

முதல் தப்பு வெயில். வத்தல், வடகம், மஞ்சள் எல்லாத்தையும் முறத்துல போட்டு வெயில்ல வச்சே பழகின கை நம்மளது, அதனால இதையும் அப்படியே பரப்பிடுறாங்க. வெளிச்சமும் சூடும் இதோட சத்தையும் வாசனையையும் சேத்தே கொண்டு போயிடும், மேல மொறுமொறுன்னு ஆகும், நடுவுல ஈரம் அப்படியே நிக்கும். ஓவன், மைக்ரோவேவும் இதே கதைதான். இருட்டான ரூம்ல கிளையைத் தலைகீழா இடைவெளி விட்டுத் தொங்க விடுங்க, 15ல இருந்து 20 டிகிரி, காத்து ஈரப்பதம் 55, 60 சதவீதம், ஃபேன் காத்து சுவத்துல படணும், பூ மேல நேரா படக்கூடாது. ஒரு வாரத்துல இருந்து ரெண்டு வாரம் ஆகும்.

டர்பன்ல இந்த 60 சதவீதம் சும்மா கிடைக்காது, கடல் காத்து, மழை பெஞ்ச அன்னைக்கு 80ஐத் தாண்டும், டிஹியூமிடிஃபையர், அதான் காத்துல ஈரத்தை உறிஞ்சுற மெஷின், இல்லாம கதவைச் சாத்தி வச்சா நாமே பூஞ்சைக்கு வீடு கட்டிக் குடுத்த மாதிரி. ஜோபர்க்ல, அதான் ஜோகனஸ்பர்க்ல, குளிர்காலத்துல நேர் எதிரா மூணு நாள்ல காஞ்சு வைக்கோல் வாசம் வந்துரும், அங்க கிளையைச் சின்னதா வெட்டாம பெருசாவே தொங்க விடணும். போன வருஷம் என் செடியில ஒரு தடிச்ச பூ, வெளிய பாக்க பளபளன்னு இருந்துச்சு, நடுவுல ஒரே ஒரு இலை மட்டும் பழுத்து நின்னுச்சு, இழுத்தா கையோட வந்துருச்சு, பிளந்து பாத்தா உள்ள காம்பு பழுப்பாகி சாம்பல் கலர்ல பஞ்சு மாதிரி படர்ந்திருக்கு. அதுல இருந்து தடிச்ச பூ எதையும் பிளந்து பாக்காம நான் தொங்க விடுறதில்ல.

அப்படி வந்த பூவை கெட்ட இடத்தை மட்டும் கிள்ளிட்டு மிச்சத்தை வச்சுக்கிறாங்க பாருங்க, அதுதான் இருக்குறதுலயே மோசமான தப்பு. கண்ணுக்குத் தெரியாத வித்து பூ முழுக்க இருக்கும், நெருப்புல எல்லாம் சாகும்னு நம்ப முடியாது, ஆஸ்பர்ஜில்லஸ் மாதிரி பூஞ்சை டிபி வந்து போன நுரையீரல்லயும் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்க உடம்புலயும் போய் உக்காந்துக்கும், நம்ம ஊர்ல டிபி வந்து போனவங்க எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். யோசிக்காம அந்தப் பூவைத் தூக்கிப் போட்டுருங்க.

சின்னக் காம்பை மடக்குனா டக்குன்னு ஒடியணும், வளைஞ்சா இன்னும் நாள் இருக்கு. ஒடிஞ்சப்புறம் கண்ணாடி ஜார்ல முக்கால் பாகம் போட்டு உள்ள ஈரப்பதம் காட்டுற ஒரு சின்ன ஹைக்ரோமீட்டர் வைங்க, 58ல இருந்து 62 சதவீதம் காட்டுனா சரி, 65ஐத் தாண்டுனா வெளிய எடுத்து பேப்பர்ல பரப்பிடுங்க. முதல் ரெண்டு வாரம் தினமும் பத்து நிமிஷம் திறந்து வைங்க, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை போதும். மாட்டுக்கொட்டாய் வாசம்னு சொன்னேன்ல, அது அம்மோனியா, ஈரத்தோட மூடுனதால பாக்டீரியா வேலை பாக்குது. ரொம்பக் காஞ்சு போச்சுன்னு ஆரஞ்சுத் தோலையோ லெட்டஸ் இலையையோ ஜார்ல போடாதீங்க, பூஞ்சை அதுலயே வந்துரும்.

ஊறுகா போட்ட கன்சால் கம்பெனி கண்ணாடி ஜாரை எத்தனை தடவை கழுவினாலும் அந்த ரப்பர் வளையத்துல வெந்தய வாசம் போகாது, புது ஜார் வாங்கிக்கோங்க. பிளாஸ்டிக் பை வேண்டாம், பூவுல இருக்குற பிசுக்கு எல்லாம் பைலயே ஒட்டிக்கும். ஃபிரிட்ஜ் மேல சூடு, ஜன்னல் ஓரம் வெளிச்சம், ரெண்டும் ஆகாது, ஃப்ரீசர்ல வச்சா உறைஞ்ச பூவைத் தொடும்போதே மேல இருக்குற மெல்லிசு முடியெல்லாம் உதிரும். இருட்டு அலமாரியில தேதி எழுதி வைங்க.

அந்த அலமாரி மசாலா அலமாரியா இருக்கக் கூடாது. காஞ்ச வெந்தயக்கீரை டப்பா பக்கத்துல இதை வச்சிருந்த வீட்டை நானே பாத்திருக்கேன், அந்த வீட்டுல ஆறு வயசு பொண்ணு இருக்கா, பாட்டிக்கு கண்ணும் சரியாத் தெரியாது. ஜாரை பூட்டுற பெட்டியில வச்சு சாவியை உங்க கையிலயே வச்சுக்கோங்க.