காக்ஸ் மெயில் யாஹூவுக்குப் போனால்: வாடிக்கையாளரைப் புதிய வெப்மெயிலுக்குப் பழக்குவது எப்படி?

இன்டர்நெட் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மெயில் வேலையைக் கைகழுவி வருகின்றன. அமெரிக்காவில் வெரைசான் 2017-லேயே தன் மெயிலை ஏஓஎல் பக்கம் தள்ளிவிட்டது. காக்ஸ் என்ற இன்னொரு அமெரிக்க இன்டர்நெட் கம்பெனி 2019 ஆகஸ்டில் புது முகவரி கொடுப்பதை நிறுத்தியது. 2024-ல், ஏற்கெனவே இருந்த முகவரிகளையும் யாஹூ மெயிலுக்கு மாற்றியது. செர்வர், ஸ்பேம் வடிகட்டல், பாதுகாப்பு என்று செலவு ஏறிக்கொண்டே போகிறது, மெயிலுக்கென்று தனியாகக் காசு வருவதில்லை. வேறென்ன செய்வார்கள்? (நியூசிலாந்தின் ஸ்பார்க் மட்டும் 2017-ல் தலைகீழாக, யாஹூவிடம் இருந்த மெயிலை எஸ்எம்எக்ஸ் என்ற உள்ளூர் நிறுவனத்துக்குக் கொண்டுவந்தது. எந்தப் பக்கம் மாறினாலும் வாடிக்கையாளர் கேட்கும் கேள்விகள் மாறுவதில்லை.)

இந்தப் பதிவு சப்போர்ட் டெஸ்க்கில் புதிதாக உட்கார்ந்தவர்களுக்கு. காக்ஸ் டாட் நெட் முகவரியை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். வேறு கம்பெனி என்றாலும் வரிசை இதேதான்.

படி 1: முதல் கேள்வி பாஸ்வேர்டு இல்லை

"மெயில் திறக்கவில்லை" என்று யார் கூப்பிட்டாலும் புதியவர்கள் உடனே பாஸ்வேர்டை ரீசெட் செய்யப் போய்விடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "எதில் மெயில் பார்க்கிறீர்கள்?" பிரவுசரிலா, போனில் உள்ள மெயில் ஆப்பிலா, கம்ப்யூட்டரில் அவுட்லுக், தண்டர்பேர்ட் மாதிரி ஒன்றிலா? மூன்றிலும் பார்ப்பவர்கள் உண்டு. அவர்களுடைய பாஸ்வேர்டை மாற்றினால் ஓடிக்கொண்டிருந்த மற்ற இரண்டும் நின்றுபோகலாம். ஒரு புகார் மூன்றாகும்.

பதில் சொல்லத் தெரியாதவரிடம், "மெயில் படிக்க முதலில் எந்தப் படத்தை அழுத்துவீர்கள், அது என்ன கலர்?" என்று கேளுங்கள். சொல்லிவிடுவார்கள்.

படி 2: பாப் கணக்கா, ஐமேப் கணக்கா?

பிரவுசரில் மட்டும் பார்ப்பவர் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போங்கள். அவுட்லுக் போன்ற புரோகிராம் வைத்திருப்பவர் என்றால் இங்கேதான் பொறுமை வேண்டும்.

செர்வரில் உள்ள மெயிலை புரோகிராம் எடுத்துக் காட்டும் இரண்டு முறைகள் பாப், ஐமேப். ஐமேப்பில் மெயில் செர்வரிலேயே இருக்கும். கம்ப்யூட்டரில் தெரிவது அதன் நகல். பாப்பில் மெயில் கம்ப்யூட்டருக்கு இறங்கிவிடும். செட்டிங்கைப் பொறுத்து செர்வரில் இருப்பது அழிந்தும் போயிருக்கும். கணக்கு செட்டிங்கில் இன்கமிங் போர்ட் எண்ணை, அதாவது மெயில் உள்ளே வரும் வழியின் எண்ணை, படிக்கச் சொல்லுங்கள். 993 என்றால் ஐமேப், 995 என்றால் பாப். பழைய கணக்குகளில் 143, 110 என்றும் இருக்கும்; அவை முறையே அதே இரண்டின் பழைய, பூட்டில்லாத வழிகள்.

பல வருடங்களாகப் பாப்பில் இருக்கும் ஒருவருடைய 2009-ம் வருட மெயில்கள் அவர் கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கலாம். புதிய வெப்மெயிலில் அவை வராது. செர்வரில் இல்லாததை எந்த மாற்றமும் எடுத்துப்போக முடியாது. "மெயில் எல்லாம் போச்சு" என்று பதறுபவர்களில் பலருக்கு ஒன்றும் போயிருக்காது, இடம்தான் வேறு. ஆனால் நீங்கள் "பழைய கணக்கை டெலிட் செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள்" என்று சொன்னால் நிஜமாகவே போய்விடும். ஐபோனில் பாப் கணக்கை அழித்தால் அதில் இறங்கியிருந்த மெயில்களும் சேர்ந்து போகும். அதனால் பழைய கணக்கு அப்படியே இருக்கட்டும். புதியதைப் பக்கத்தில் சேர்த்து, எல்லாம் வந்ததா என்று பார்த்த பிறகு பழையதைப் பற்றி யோசிக்கலாம்.

பாப்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியது இன்னொன்று: செர்வர் மாறியதும் அவர்கள் புரோகிராமுக்குப் பழைய மெயில்கள் எல்லாம் புது மெயில்களாகத் தெரியலாம். அப்போது எல்லாவற்றையும் மறுபடி இறக்கும், ஒரே மெயில் இரண்டு இரண்டாக நிற்கும். முன்பே சொன்னால் சிரித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் சூப்பர்வைசரைக் கேட்பார்கள்.

படி 3: உள்ளே நுழைவது

பிரவுசரில் பழைய வெப்மெயில் புக்மார்க்கை மறக்கச் சொல்லி, மெயில் டாட் யாஹூ டாட் காம் என்று முகவரிப் பட்டையில் டைப் செய்யச் சொல்லுங்கள். தேடல் பெட்டியில் போடவிடாதீர்கள். விளம்பரத்தைத் தொட்டு வேறெங்கோ போய் நிற்பார்கள். பயனர்பெயர் கேட்கும் இடத்தில் முழு முகவரியும், அதாவது அட் குறிக்குப் பின்னால் வரும் காக்ஸ் டாட் நெட்டும் சேர்த்து, போட வேண்டும்.

இனி மெயில் கணக்கு வேறு, இன்டர்நெட் பில் கட்டும் கணக்கு வேறு. ஒன்றின் பாஸ்வேர்டை மாற்றினால் மற்றதும் மாறும் என்ற நினைப்பில் வரும் அழைப்புகள் ஏராளம். இரண்டையும் ஒரு தாளில் தனித்தனி தலைப்பில் எழுதி வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பாதுகாப்பு நிபுணர்கள் முகம் சுளிப்பார்கள். எழுபது வயதுக்காரருக்கு அலமாரியில் இருக்கும் தாள் போதுமான பாதுகாப்பு என்பது என் கட்சி.

உள்ளே போனதும் ரெக்கவரி விவரங்களை, அதாவது பாஸ்வேர்டு மறந்தால் கணக்கை மீட்க உதவுபவற்றை, பார்க்கச் சொல்லுங்கள். பலர் ரெக்கவரி மெயிலாக அதே காக்ஸ் முகவரியையே கொடுத்திருப்பார்கள். சாவியைப் பூட்டிய வீட்டுக்குள்ளேயே வைத்த கதைதான். மொபைல் எண்ணும் வேறொரு முகவரியும் சேர்க்க வேண்டும்.

படி 4: புதிய திரையில் மிரள வைக்கும் மூன்று விஷயங்கள்

இன்பாக்ஸில் மேலே மெயில் போலவே ஒரு வரி நிற்கும். அது விளம்பரம். இலவச யாஹூ மெயில் பிழைப்பதே அதில்தான். பக்கத்தில் சின்னதாக விளம்பரம் என்ற குறிப்பு இருக்கும். எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்துவிடுங்கள்.

அடுத்தது, "மகள் போட்ட பதில் வரவேயில்லை" என்ற புகார். வந்திருக்கும். ஒரே விஷயத்தின் மெயில்களை உரையாடலாகச் சேர்த்து ஒரு வரியில் காட்டும் வசதி ஆனில் இருக்கும். செட்டிங்ஸில் மெயில் காட்சிப் பகுதிக்குப் போய் அதை ஆஃப் செய்தால் பழையபடி தனித்தனியாக வரும். வயதானவர்களுக்கு நான் கேட்காமலே இதை ஆஃப் செய்யச் சொல்லிவிடுவேன்.

மூன்றாவதுதான் உண்மையிலேயே ஆபத்து. டிராஷ் ஃபோல்டரை அலமாரி மாதிரி பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். படித்து முடித்த ரசீது, டிக்கெட் எல்லாம் அங்கே போடுவார்கள், தேவைப்பட்டால் அங்கிருந்தே எடுப்பார்கள். யாஹூ டிராஷில் கிடப்பதை ஏழு நாட்களில் அழித்துவிடும். "டிராஷில் ஏதாவது வைத்திருக்கிறீர்களா?" என்று கட்டாயம் கேளுங்கள். இருந்தால், முதல் நாளே ஒரு புதிய ஃபோல்டர் போட்டு அதற்குள் நகர்த்த வேண்டும்.

படி 5: அவுட்லுக், தண்டர்பேர்ட் வைத்திருப்பவர்களுக்கு

ஐபோன், ஆண்ட்ராய்டு ஆப்களில் கணக்கு சேர்க்கும்போது யாஹூ என்ற தேர்வைத் தொட்டால் யாஹூவின் லாகின் பக்கமே திறக்கும். வழக்கமான பாஸ்வேர்டு போதும். பழைய மெயில் புரோகிராம்களுக்கு அது செல்லாது. ஆப் பாஸ்வேர்டு, அதாவது அந்தப் புரோகிராமுக்கென்றே யாஹூ உருவாக்கித் தரும் தனி பாஸ்வேர்டு, வேண்டும்: யாஹூ கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் ஜெனரேட் ஆப் பாஸ்வேர்டு என்பதைத் தொட்டு, ஒரு பெயர் கொடுத்தால் 16 எழுத்துகள் வரும். அதைக் காப்பி செய்து அவுட்லுக்கின் பாஸ்வேர்டு கட்டத்தில் ஒட்ட வேண்டும். திரையை மூடினால் அதே எழுத்துகளை மறுபடி பார்க்க முடியாது. பரவாயில்லை, புதிதாக ஒன்று உருவாக்கிக்கொள்ளலாம்.

"பாஸ்வேர்டு சரியாகத்தான் போடுகிறேன், தப்பு தப்பு என்கிறது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

செர்வர் பெயரை நினைவிலிருந்து சொல்லாமல் கம்பெனியின் உதவிப் பக்கத்தைப் பார்த்தே சொல்லுங்கள். போர்ட்கள் பொதுவானவை: ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465 அல்லது 587. மெயில் வருகிறது, போகவில்லை என்றால் அவுட்கோயிங் பகுதியில் பயனர்பெயரும் ஆப் பாஸ்வேர்டும் போட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

காண்டாக்ட்ஸ் வந்திருக்கும். ஆனால் முதல் இரண்டு எழுத்து அடித்ததும் தானாக வந்து நின்ற பெயர்கள் பலவும் காண்டாக்ட்ஸில் சேமிக்கப்பட்டவை அல்ல. பழைய புரோகிராம் ஞாபகம் வைத்திருந்தவை. பழைய சென்ட் ஃபோல்டரைத் திறந்து, முக்கியமானவர்களை ஒவ்வொருவராகச் சேர்க்கச் சொல்வதைவிடச் சுருக்கு வழி இல்லை.

படி 6: மோசடி மெயில்

மாற்றம் நடக்கிறது என்ற செய்தி மோசடிக்காரர்களுக்கும் தெரியும். "24 மணி நேரத்தில் உறுதி செய்யாவிட்டால் உங்கள் மெயில் மூடப்படும்" என்று லிங்க்குடன் வரும். எந்த லிங்க்கையும் தொடாமல் பழையபடி முகவரியை டைப் செய்தே உள்ளே போகச் சொல்லுங்கள். நீங்களும் போனில் பாஸ்வேர்டையோ, மொபைலுக்கு வரும் குறியீட்டையோ கேட்காதீர்கள். நீங்கள் கேட்டுப் பழக்கிவிட்டால் நாளைக்கு மோசடிக்காரனும் கேட்பான், வாடிக்கையாளரும் கொடுப்பார்.

படி 7: போனை வைப்பதற்கு முன்

வாடிக்கையாளர் தனக்கே ஒரு மெயில் போட்டு, அது எல்லாக் கருவிகளிலும் வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு டிக்கெட்டில், அதாவது அந்த அழைப்பின் புகார்ப் பதிவில், மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்தெந்தக் கருவி, பாப்பா ஐமேப்பா, பழைய கணக்கு இன்னும் இருக்கிறதா. "பிரச்சினை தீர்ந்தது" என்று மட்டும் எழுதி மூடாதீர்கள். அடுத்த வாரம் அவர் டேப்லெட்டுடன் மறுபடி கூப்பிடுவார், எடுப்பது வேறொருவராக இருக்கும்.