கிறிஸ்துமஸ் பரிசுப் பொட்டலம்: பசுமையாகச் சுற்ற நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

பரிசைச் சுற்றும் தாளின் ஆயுள் சில நாள்தான். டிசம்பர் 25 காலையில் பிரித்ததும் அதன் வேலை முடிந்தது. அதனால் தாளையும் கயிற்றையும் கையில் எடுக்கும்போதே, மறுநாள் இது எங்கே போகும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். மடித்து எடுத்து வைப்போமா, பழைய பேப்பரோடு போடலாமா, குப்பைக்குத்தானா? நல்ல எண்ணத்தோடு செய்கிறவர்களும் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

பளபளப்பை நம்புவது

ஜிகினா போல மின்னும் தாள்கள் பலவும் பிளாஸ்டிக் படலத்தின் மேல் மிக மெல்லிய அலுமினியம் பூசியவை. காகிதம் என்று நினைத்துப் பழைய பேப்பரோடு போட்டால், ஆலையில் கழிவாகத்தான் ஒதுக்குவார்கள். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு துண்டை உள்ளங்கையில் நன்றாகக் கசக்கிவிட்டு விரலைத் திறங்கள். உருண்டையாக அப்படியே இருந்தால் பெரும்பாலும் காகிதம். தானாக விரிந்தால் பிளாஸ்டிக்.

ஆனால் இந்த ஒரு சோதனையோடு நிறுத்திவிடக் கூடாது. மெல்லிசாக லேமினேட் செய்த தாள் சில சமயம் கசங்கியபடியே நிற்கும். ஓரத்தைக் கொஞ்சம் கிழித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். காகிதமாக இருந்தால் கிழிந்த விளிம்பில் நார் நாராகப் பிசிறு தெரியும். பிளாஸ்டிக் ஒட்டியிருந்தால் கண்ணாடி மாதிரி ஒரு படலம் இழுபட்டு, காகிதத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும்.

கிளிட்டர் தூவிய தாள் எந்தச் சோதனையில் தேறினாலும் வேண்டாம். வழக்கமான கிளிட்டர் பிளாஸ்டிக் துகள்தான். கைக்கும் தரைக்கும் ஒட்டி, கழுவும் தண்ணீரோடு போய்விடும், திரும்பப் பிடிக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் நுண்பிளாஸ்டிக் கட்டுப்பாட்டின் கீழ் 2023 அக்டோபரிலிருந்து பிளாஸ்டிக் கிளிட்டரைத் தூளாக விற்பதற்குத் தடை கொண்டுவந்தது.

பிரவுன் பேப்பர் என்றாலே நல்லது என்பதும் சரியல்ல. உட்பக்கம் வழவழவென்று இருந்தால் பூச்சு உண்டு என்று அர்த்தம். பொறுப்பான வனப் பராமரிப்புக்குச் சான்று தரும் எஃப்.எஸ்.சி. முத்திரையையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்: அது மரக்கூழ் எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றியது. அந்தத் தாளை மறுசுழற்சிக்குப் போடலாமா என்பதை அது சொல்லாது.

செலோடேப்பை மறந்துவிடுவது

தாளைப் பார்த்துப் பார்த்து வாங்கிவிட்டு, மூலைக்கு மூலை செலோடேப் ஒட்டுகிறோம். பழைய காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கும்போது நார் பிரியும், டேப்பின் பசை பிரியாது. சின்னச் சின்ன உருண்டைகளாகிச் சல்லடையில் அப்பிக்கொள்ளும். தப்பிப் போனது புதுத் தாளில் ஓட்டையாகவும் கறையாகவும் வரும். ஒட்டியே ஆகவேண்டும் என்றால், தண்ணீர் தொட்டு ஒட்டும் பேப்பர் டேப் போதும்.

ஒட்டாமலே கட்டவும் முடியும், அளவு சரியாக இருந்தால். 30 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 8 செ.மீ. உயரம் உள்ள பெட்டியை எடுத்துக்கொள்வோம். சுற்றளவு: அகலமும் உயரமும் சேர்ந்து 28, அதன் இருமடங்கு 56. ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதற்கு 5 சேர்த்தால் 61. இன்னொரு பக்கம்: நீளம் 30, இரு முனைகளிலும் உயரத்தில் முக்கால் பங்கு, அதாவது 6 + 6. ஆக 61 × 42 செ.மீ. தாள் போதும். கண்ணளவில் 80 × 60 வெட்டினால் கிட்டத்தட்ட இருமடங்குத் தாள் போகும். அதைவிட, முனையில் தாள் அதிகமாக இருந்தால் மடிப்பு புடைத்து நிற்கும். அதை அமுக்கத்தான் டேப் மேல் டேப் ஒட்ட வேண்டிவருகிறது.

கயிறு 170 செ.மீ. தாளின் சேர்க்கை அடிப்பக்கம் இருக்கட்டும். கயிற்றின் நடுப்பகுதியைப் பெட்டியின் மேல் நீளவாக்கில் வைத்து, இரு முனைகளையும் மடிப்புகளின் மேலாக அடியில் கொண்டுபோய் ஒரு முறுக்கு முறுக்கி, திசை திருப்பி அகலவாக்கில் மேலே கொண்டுவாருங்கள். முதல் கயிற்றுக்கு அடியில் நுழைத்து, ஷூ லேஸ் போல, இழுத்தால் அவிழும்படி முடியுங்கள். இறுக்கி முடிந்தால் பிரிப்பவர் கத்தரிக்கோல் எடுப்பார்; கயிறும் வீண், தாளும் வீண். பருத்தி நூல் அல்லது சணல் கயிறு நல்லது. சுருட்டிவிடும் பிளாஸ்டிக் ரிப்பன் குப்பை பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சுற்றிக்கொள்ளும்.

பரிசைக் கட்டுவதற்காகப் புதுத் துணி வாங்குவது

ஜப்பானியர்களின் ஃபுரோஷிகி முறையில் சதுரத் துணியால் பரிசைக் கட்டுவார்கள். 2006இல் அந்நாட்டுச் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த யுரிகோ கொய்கே, பைகளுக்கு மாற்றாக இதை முன்னிறுத்தினார். அருமையான முறை. ஆனால் பருத்தி விளைவிக்கவும் துணிக்குச் சாயம் போடவும் நிறையத் தண்ணீர் செலவாகிறது. ஒரே ஒரு முறை கட்டுவதற்காகப் புதுத் துணி வாங்குவதை விட சாதாரணக் காகிதமே மேல். வீட்டில் இருக்கும் ஸ்கார்ஃப், பழைய விரிப்பிலிருந்து வெட்டி ஓரம் தைத்த துண்டு, இவை போதும்.

துணியின் மூலைவிட்டம் பரிசின் நீளத்தைப் போல மூன்று மடங்கு இருக்க வேண்டும். மேலே சொன்ன பெட்டிக்கு 70 செ.மீ. சதுரம் சரியாக வரும். பெட்டியின் நீளம் மூலைவிட்டத்தின் மேல் படியும்படி வைத்து, பக்கவாட்டு மூலைகள் இரண்டையும் மேலே மடித்து, மீதி இரண்டையும் முடியுங்கள். முதல் முறை வலது முனை இடது முனையின் மேல். இரண்டாம் முறை இடது முனை வலது முனையின் மேல். இரண்டு முறையும் ஒரே பக்கம் போட்டால் முடிச்சின் காதுகள் குறுக்காகத் திரும்பி நிற்கும், தூக்கும்போது நழுவும்.

மற்ற சில

பச்சை இலையை முந்தைய வாரமே செருகினால் ஈரம் தாளில் கறையாகும்; கொடுக்கும் நாளன்று செருகுங்கள். 'மக்கும்' என்று அச்சிட்ட கண்ணாடித் தாள்கள் பலவற்றுக்கு 60 டிகிரி வரை சூடேறும் தொழிற்சாலை உரக்குழி வேண்டும். வீட்டு உரக்குழியில் அப்படியே கிடக்கும். வண்ணத் தாளை அடுப்பிலோ கணப்பிலோ போட்டு எரிக்காதீர்கள்: குப்பென்று பற்றும், மையும் பூச்சும் நச்சுப் புகை விடும். டிஷ்யூ பேப்பரின் நார் மிகக் குட்டை, மறுசுழற்சிக்குப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். அதைச் சேர்த்து வைத்து அடுத்த பரிசுக்குள் இடைவெளி நிரப்பலாம்.

பிரிக்கும் இடத்தில் இரண்டு பெட்டிகள் வையுங்கள். ஒன்றில் கயிறு, துணி, கிழியாத தாள். மற்றதில் டேப்பும் ரிப்பனும் நீக்கிய வெறும் காகிதம். கயிறுகளை அன்றே ஓர் அட்டையில் சுற்றிவிடுங்கள், அடுத்த டிசம்பரில் சிக்கெடுக்கும் வேலை இருக்காது.