சிமுலேட்டரில் ஒரு நீராவிக் கால நகர முனையம்

ரயில் சிமுலேட்டரில் நகர முனையம் கட்ட உட்காரும் பலர் முதலில் செய்வது அழகான கூரை ஒன்றைத் தேடிப் பதிவிறக்கி நடுவில் நிறுத்துவது. அதன் கீழே ஐந்தாறு நடைமேடைகள், வெளியே இடம் இருக்கிற வரை பாயிண்டுகள், அதாவது தடம் பிரியும் இடங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். முதல் ரயில் உள்ளே வந்து தடத்தின் கடைசியில் இருக்கும் தடுப்பான பஃபரை ஒட்டி நின்றதும்தான் சிக்கல் தெரியும். எஞ்சின் முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டது, பின்னால் எட்டுப் பெட்டிகள் வழியை அடைத்து நிற்கின்றன. இப்போது அந்த எஞ்சின் எப்படி வெளியே வரும்? நீராவிக் கால முனையத்தின் தண்டவாள அமைப்பு முழுக்க இந்தக் கேள்விக்கான பதில்தான். அதைத் தீர்க்காமல் போட்ட தண்டவாளத்தைப் பாதி வேலையில் பிடுங்க வேண்டி வரும்.

இங்கே எடுத்துக்கொள்வது பிரிட்டிஷ் பாணி முனையம்: 1930-களின் நடுப்பகுதி, இரட்டைப் பாதை, மூன்று நடைமேடைத் தடங்கள், புறநகர் ரயில்கள். மென்பொருள் டிரெயின்ஸ் (Trainz) என்ற ரயில் சிமுலேட்டர், அதில் தடம் போடும் பகுதியான சர்வேயர். ஓப்பன் ரெயில்ஸ் என்ற இன்னொரு சிமுலேட்டர் வைத்திருப்பவர்களுக்கும் அளவுகள் எல்லாம் பொருந்தும். ஆனால் அங்கே பாயிண்டுகள் நிலையான துண்டுகளாக வருவதால் வளைவு பற்றிய பகுதி அவ்வளவாகத் தேவைப்படாது.

ஆண்டைத் தீர்மானியுங்கள்

"பழைய காலம்" என்று பொதுவாக வைத்துக்கொண்டால் எல்லாம் கலந்துவிடும். 1923 ஜனவரி 1-இல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகள் நான்கு பெரிய குழுமங்களாகின, 1948 ஜனவரி 1-இல் அரசுடைமையாயின. எஞ்சின் நிறமும் பெட்டியின் எழுத்தும் இந்த இரண்டு தேதிகளையும் ஒட்டி மாறுகின்றன. அடுத்து வரும் சிக்னலை முன்கூட்டியே எச்சரிக்கும் டிஸ்டன்ட் சிக்னலின் கை 1920-களின் நடுவில்தான் சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு மாறியது. நான்கு நிற விளக்குச் சிக்னல் முதன்முதலாக 1926-இல் லண்டன் ஹோல்போர்ன் வயடக்ட் பக்கம் வந்தது. 1910 முனையத்தில் அதை வைத்தால் விஷயம் தெரிந்தவர் உடனே பிடித்துவிடுவார். பெட்டிக் கதவில் '3' என்ற வகுப்பு எண் 1956 வரை செல்லும்.

தண்டவாளத்துக்கு புல்ஹெட் வகையையே தேடுங்கள்: இரும்புச் சேரில் (தண்டவாளத்தைத் தாங்கும் பிடிப்பில்) மர ஆப்பு அடித்து நிறுத்தியது, மர ஸ்லீப்பர், 45 அல்லது 60 அடிக்கு ஒரு இணைப்பு. கான்கிரீட் ஸ்லீப்பர் போட்ட தண்டவாளம் ஒன்று நடுவில் நுழைந்தாலும் காலம் கெட்டுவிடும்.

எஞ்சினை விடுவிக்கும் கணக்கு

57 அடிப் பெட்டி அதன் இரு முனையிலும் உள்ள பஃபர்களோடு சேர்த்து ஏறக்குறைய 18.3 மீட்டர். எட்டுப் பெட்டிக்கு 146 மீட்டர், டாங்க் எஞ்சினுக்கு (தண்ணீரையும் கரியையும் தன்மேலேயே சுமக்கும் எஞ்சின்) 12. ஆக ரயில் 158 மீட்டர்.

வழி ஒன்று: பஃபருக்கு அருகே கிராஸ்ஓவர் போட்டு எஞ்சினைப் பக்கத்துத் தடத்துக்கு மாற்றுவது. அந்தக் கிராஸ்ஓவர் எஞ்சினுக்கும் பெட்டிகளுக்கும் இடையில் வர வேண்டும். அதற்கே 60 மீட்டர் போய்விடும். நடைமேடைத் தடம் 230-ஐத் தாண்டும். பக்கத்துத் தடமும் காலியாக இருக்க வேண்டும். ஊர்ப்புற முனையத்துக்கு இது சரி. நகரத்தில் நிலம் கிடைக்காது.

வழி இரண்டு: வந்த எஞ்சினை அங்கேயே விட்டுவிட்டு, காத்திருக்கும் வேறொரு எஞ்சினை ரயிலின் மறுமுனையில் மாட்டி அனுப்புவது. ரயில் கிளம்பியதும் மாட்டிக்கொண்ட எஞ்சின் தானாக விடுபடும். அது வெளியே போய்க் காத்திருந்து அடுத்த ரயிலை எடுக்கும். லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட்டில் 1920-இல் தொடங்கிய 'ஜாஸ்' புறநகர் சேவை இப்படித்தான் நடந்தது. நடைமேடை முனையில் எஞ்சின் நிற்கக் குட்டைத் தடங்கள் போட்டு, நீராவி எஞ்சினை வைத்தே 4 நிமிடத்தில் ரயிலைத் திருப்பி அனுப்பினார்கள். பயணிகள் விரைந்து ஏற வேண்டும் என்று முதல் வகுப்புக்கு மஞ்சள், இரண்டாம் வகுப்புக்கு நீலம் எனப் பெட்டியில் பட்டை அடித்திருந்தார்கள்.

நகர முனையத்துக்கு இரண்டாவது வழியே சரி. நடைமேடைத் தடத்தின் நீளம்: 158, மறுமுனையில் மாட்டும் எஞ்சினுக்கு 12, நிறுத்தும் தாராளத்துக்கு 10. மொத்தம் 180 மீட்டர். மாட்டிய எஞ்சினும், நடைமேடை முனையில் கிளம்ப அனுமதி தரும் ஸ்டார்ட்டர் சிக்னலுக்கு உள்ளேயே நிற்க வேண்டும். இதை மறந்து 160 மீட்டரோடு நிறுத்தியவர்களின் எஞ்சின் பாயிண்டின் மேல் நின்று, மற்ற இரண்டு நடைமேடைகளையும் முடக்கிவிடும்.

கழுத்து

நடைமேடைத் தடங்கள் எல்லாம் குறுகி இரட்டைப் பாதையாகச் சேரும் இடத்தைக் கழுத்து என்று வைத்துக்கொள்வோம். மூன்று நடைமேடைகளிலும் ரயில் வரவும் வேண்டும், கிளம்பவும் வேண்டும். அதற்கு ஆறு பாயிண்டுகள் போதும். (மாடல் ரயில்காரர்களிடையே 'மைனரீஸ்' என்று பேர்பெற்ற 1957-ஆம் ஆண்டு வரைபடம் இதே சிக்கலுக்குக் கிடைத்த இன்னொரு சிக்கனமான தீர்வு. அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.)

வெளியிலிருந்து நிலையத்தைப் பார்த்து நின்றால் இடது பக்கம் வருகைப் பாதை, வலது பக்கம் புறப்பாட்டுப் பாதை. வெளிப்புறத்திலிருந்து வரிசையாக:

1. புறப்பாட்டுப் பாதையிலிருந்து வலப்புறம் ஒரு பாயிண்ட். அதிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி எஞ்சின் தடம், 40 மீட்டர்.
2. வருகையிலிருந்து புறப்பாட்டுப் பாதைக்கு ஒரு கிராஸ்ஓவர். உள்ளே வரும் ரயில் மூன்றாம் நடைமேடைக்குப் போக.
3. எதிர்த்திசையில் இன்னொரு கிராஸ்ஓவர். ஒன்று, இரண்டாம் நடைமேடைகளிலிருந்து கிளம்பும் ரயில் புறப்பாட்டுப் பாதைக்குப் போக.
4. வருகைப் பாதை ஒன்று, இரண்டு எனப் பிரியும் பாயிண்ட். புறப்பாட்டுப் பாதை நேராக மூன்றாம் நடைமேடைக்குள் போகும்.

எஞ்சின் தடம் வெளிப்பக்கம் நோக்கி இருப்பதால் எந்த நடைமேடையிலிருந்து வரும் எஞ்சினும் நேராக அதற்குள் போய், அப்படியே பின்வாங்கி எந்த நடைமேடைக்கும் வரலாம். ஒன்று அல்லது இரண்டில் ரயில் நுழையும்போதே மூன்றிலிருந்து இன்னொன்று கிளம்பலாம். மூன்றாம் நடைமேடைக்கு வரும் ரயிலோ எல்லோரையும் மறிக்கும். ஆகவே நெரிசல் நேரத்தில் மூன்றுக்கு அதிக வருகை போடாதீர்கள்.

இரண்டு கிராஸ்ஓவர்களையும் ஒன்றின் மேல் ஒன்றாகக் கத்திரிபோலப் போட்டால் 60 மீட்டர் மிச்சமாகும் என்று தோன்றும். வேண்டாம். நடுவில் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் இடம் பெரும்பாலும் ஒன்றையொன்று துளைத்துக்கொண்டு போகிற மாதிரிதான் தெரியும், அருகில் பார்க்கச் சகிக்காது.

மொத்தக் கழுத்து 220 மீட்டர் அளவுக்கு வரும். 1925-க்குப் பிறகு கையால் இழுக்கும் பாயிண்டுக்கு, நெம்புகோல்கள் இருக்கும் சிக்னல் கேபினிலிருந்து 350 கெஜம், அதாவது 320 மீட்டர் என்பதே எல்லை. கழுத்தின் நடுவில் ஒரே ஒரு சிக்னல் கேபினை வைத்தால் போதும்.

சர்வேயரில் போடுவது

சுரங்க வாயிலிலிருந்து தொடங்குங்கள், நடைமேடையிலிருந்து அல்ல. நகர முனையத்துக்குள் பாதை சுரங்கத்திலோ பாலத்தின் அடியிலோ நுழைவதுதான் வசதி. அதற்கு அப்பால் உலகம் இல்லை என்பது தெரியாது. ஆனால் நிலத்தில் துளை போடும் பொருள் 10 மீட்டர்க் கட்டங்களில்தான் உட்காரும். பாதை கட்டத்துக்குச் சாய்வாக வந்தால் வாயிலின் ஓரத்தில் மண் துருத்திக்கொண்டு நிற்கும், அல்லது ஓட்டை தெரியும். எனவே வாயில் உள்ள இடத்தில் பாதையைக் கட்டக் கோட்டுக்கு இணையாக வையுங்கள். ஒரு பேஸ்போர்டு (சிமுலேட்டரின் நிலப் பலகை) 720 மீட்டர்; நடைமேடை, கழுத்து, வாயில் வரை எல்லாம் ஒன்றிலேயே அடங்கும். சுரங்கத்துக்குள் போர்ட்டலும் (ரயில்களை அனுப்பித் திரும்ப வாங்கிக்கொள்ளும் பொருள்), ரயில் வரிசையில் காத்திருக்கத் தடமும் அடுத்த பலகையில்.

இரண்டு பாதைகளையும் முதலில் முழு நீளத்துக்கும் நேராகப் போடுங்கள். மையத்திலிருந்து மையம் 3.4 மீட்டர். பிறகு பாயிண்ட் வரும் இடங்களில் மட்டும் ஸ்ப்ளைன் புள்ளி (தடத்தைப் பிடித்து நகர்த்தும் புள்ளி) சேருங்கள். ஒவ்வொரு துண்டையும் நேராக்கும் கருவியால் பூட்டிவிட்டுத்தான் கிராஸ்ஓவரை இழுக்க வேண்டும். பூட்டாவிட்டால் புதுத் தடம் சேர்ந்ததும் நேரான பாதை மெல்ல நெளியும். மேலிருந்து பார்த்தால் தெரியாது, எஞ்சின் அறையிலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

கிராஸ்ஓவரின் நீளத்தில் கஞ்சத்தனம் கூடாது. 3.4 மீட்டர் இடைவெளியை 60 மீட்டரில் கடந்தால் வளைவின் ஆரம் ஏறக்குறைய 175 மீட்டர். 50-இல் 120. முப்பது மீட்டரில் அடக்கினால் 45 மீட்டருக்கும் கீழே போய்விடும். பெட்டிகள் ஒடிந்து திரும்புவதுபோல் இருக்கும், பாயிண்டின் நாக்கு வடிவமும் சரியாக உருவாகாது. இரண்டு கிராஸ்ஓவர்களுக்கு நடுவே ஒரு பெட்டி நீளமாவது, சுமார் 20 மீட்டர், நேராக விடுங்கள்.

சரிவு: நடைமேடைப் பகுதியில் 260-க்கு 1, அதாவது 0.38 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அன்றைய விதி. நீங்கள் பூஜ்யமே வையுங்கள். கழுத்துக்கு வெளியே 70-க்கு 1, 1.43 சதவீதம், ஏற்றம் கொடுத்தால் கிளம்பும் எஞ்சின் திணறும். நீராவி ரயில் ஓட்டும் சுகமே அதில்தான்.

நடைமேடை உயரம் தண்டவாளத்தின் மேலிருந்து 3 அடி, 0.91 மீட்டர். விளிம்பு தடத்தின் மையத்திலிருந்து சுமார் 1.45 மீட்டர். முனைச் சரிவு 8-க்கு 1. வளைந்த நடைமேடை வேண்டுமென்றால் கவனம்: போகிகளின் (பெட்டியின் அடியிலுள்ள சக்கரத் தொகுதிகளின்) மையங்களுக்கு இடையே 14.2 மீட்டர் உள்ள பெட்டி, 200 மீட்டர் ஆர வளைவில் உள்பக்கம் 12 சென்டிமீட்டருக்கு மேல் துருத்தும். விளிம்பை அந்த அளவு தள்ளாவிட்டால் பெட்டியின் படி கல்லுக்குள் புதையும். அருகருகே இரண்டு தடங்கள் வளைந்தால் இடைவெளியை 3.65 ஆக்குங்கள்.

சிக்னலும் தானியங்கி ஓட்டுநர்களும்

வருகைப் பாதையில் முதல் பாயிண்டுக்கு வெளியே, உள்ளே நுழைய அனுமதி தரும் ஹோம் சிக்னல், மூன்று நடைமேடைக்கும் தனித்தனிக் கை. அதற்கு முன்னால் டிஸ்டன்ட். முனையம் என்பதால் அது எப்போதும் மஞ்சளிலேயே நிற்கும், அசையாத கையாகவே வைக்கலாம். ஒவ்வொரு நடைமேடை முனையிலும் ஸ்டார்ட்டர். புறப்பாட்டுப் பாதையில் எஞ்சின் தடத்தின் பாயிண்டுக்கு அப்பால் குறைந்தது 170 மீட்டர் தள்ளி, வெளியேறும் ரயிலுக்கான கடைசிச் சிக்னலான அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டர். அதைப் பக்கத்தில் வைத்தால் அங்கே சிவப்பில் நிற்கும் ரயிலின் வால் கழுத்தின் மேல் கிடக்கும்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் எஞ்சின் மாட்டுவது. உண்மையான நிலையத்தில் ரயில் நிற்கும் தடத்துக்குள் எஞ்சினை அனுமதிக்கத் தனியாகக் குட்டைக் கை உண்டு. சிமுலேட்டரின் தானியங்கி ஓட்டுநருக்கோ ஏற்கெனவே ரயில் நிற்கும் தடம் என்றால் சிவப்பு, சிவப்பு என்றால் நிறுத்தம். எனவே எஞ்சின் தடத்துக்கும் நடைமேடைக்கும் இடையில் உள்நோக்கிய இயங்கும் சிக்னல் எதுவும் வைக்காதீர்கள். தரையில் இருக்க வேண்டிய டிஸ்க் சிக்னல்களை வெறும் காட்சிப் பொருளாக நிறுத்துங்கள்.

டிராக்மார்க்குக்கு (ரயில் போய்ச் சேர வேண்டிய இடத்தைக் காட்டும் குறி) அம்புக்குறி உண்டு. ரயில் போகும் திசையில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் பாருங்கள். பஃபருக்கு 10 மீட்டர் முன்னால் ஒன்று, எஞ்சின் தடத்தில் ஒன்று, வாயிலில் ஒன்று. வருகைப் பாதை, புறப்பாட்டுப் பாதை இரண்டிலும் சுரங்கத்துக்கும் முதல் பாயிண்டுக்கும் இடையே திசைக் குறியை வையுங்கள். இல்லையென்றால் தானியங்கி ஓட்டுநர் குறுக்கு வழி என்று நினைத்து எதிர்ப்பாதையில் ஏறிவிடுவார். கழுத்துக்குள் திசைக்குறி வேண்டாம். அங்கே எஞ்சின்கள் இருபக்கமும் போய்வர வேண்டும்.

காட்சிப் பொருள் எதையும் வைப்பதற்கு முன் மூன்று ரயில்கள், நான்கு எஞ்சின்கள் போட்டு ஒரு மணி நேரம் ஓடவிடுங்கள். தேங்கினால் பெரும்பாலும் காரணம் இரண்டில் ஒன்று: அட்வான்ஸ்டு ஸ்டார்ட்டர் பக்கத்தில் இருக்கிறது, அல்லது வந்த எஞ்சின் வெளியேறும் முன்பே அந்த நடைமேடைக்கு அடுத்த ரயில் கிளம்பிவிட்டது.

கரியும் கூரையும்

தண்டவாளத்தை ஒரு லேயரில் (தனியாகப் பூட்டவும் மறைக்கவும் முடிகிற அடுக்கு) வைத்துப் பூட்டுங்கள்; பிறகு கை தவறி இடறாது. நகர முனையத்தைச் சுற்றி இருப்பது மரமல்ல, கரி படிந்த செங்கல் சுவர். இருபுறமும் உயரமான தடுப்புச் சுவர், அதன் மேலே வீடுகளின் பின்புறம். எஞ்சின் நிற்கும் இடங்களில் மட்டும் ஜல்லியைக் கறுப்பாக்குங்கள்: பஃபருக்கு முன்னால் 15 மீட்டர், நடைமேடை முனை, எஞ்சின் தடம் முழுவதும். மற்ற இடங்களில் துருப் பழுப்பு. நடைமேடை முனைகளிலும் எஞ்சின் தடத்திலும் தண்ணீர்க் குழாய்த் தூண் கட்டாயம். எஞ்சின் தடத்தில் சாம்பல் குழியும் வரட்டும். டர்ன்டேபிள் இங்கே தேவையில்லை, டாங்க் எஞ்சின் இரு திசையிலும் ஓடும். பெரிய எஞ்சின்களைக் கொண்டுவருவதாக இருந்தால் 70 அடி, 21.3 மீட்டர் டர்ன்டேபிளுக்கு வெளியே இடம் பாருங்கள்.

கூரை கடைசியில்தான், அதுவும் தனி லேயரில். வேலை செய்யும்போது மறைத்துவைக்கலாம். தூண்கள் நடைமேடையின் நடுவில் விழுகின்றனவா, விளிம்பை ஒட்டி விழுகின்றனவா என்று பெட்டியின் கதவைத் திறந்த நிலையில் வைத்துப் பாருங்கள். கண்ணாடிக் கூரைகள் பல ஆயிரக்கணக்கான சிறு கம்பிகளால் ஆனவை. ஒவ்வொன்றும் நிழல் விழுத்தினால் காட்சி வேகம் பாதியாகக் குறையும். ரயில் நிறைந்த மூன்று நடைமேடையும் ஒரே பார்வையில் தெரியும்படி காமிராவை வைத்து வேகத்தை அளந்து பாருங்கள். குறைந்தால் முதலில் கூரையை மாற்றுங்கள், பிறகு விளக்குகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள். ரயில்களைக் குறைக்காதீர்கள்.