ஆட்டிசம் உள்ள பிள்ளையோடு வாட்டர் பார்க்: முதலில் அறையைப் பாருங்கள், சறுக்கலை அப்புறம் பார்க்கலாம்

முதல் தடவை நாங்கள் போனபோது காலையில் போய்ச் சாயந்திரம் திரும்புவதாகத் திட்டம். பத்தரைக்கு உள்ளே நுழைந்தோம், பதினொன்று நாற்பதுக்கு வெளியே வந்துவிட்டோம். நான்கு டிக்கெட் காசு போச்சு. ரெயின் டான்ஸ் ஸ்பீக்கர், லாக்கர் வரிசை, கையில் ஒட்டிய பட்டை, காலுக்கடியில் ஈரத் தரை, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து மோத, பையன் லாக்கர் ஓரத்தில் காதைப் பொத்திக்கொண்டு படுத்துவிட்டான். தூக்கிக்கொண்டு போய் உட்கார வைக்க ஓர் இடம் இல்லை. கார் வெயிலில் நின்றது. அவனுக்குத் தண்ணீர் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, ஏனென்றால் அவன் தண்ணீரைத் தொடவே இல்லை.

அடுத்த தடவை எந்தப் பார்க் பெரியது, எத்தனை சறுக்கல் என்றெல்லாம் பார்க்கவில்லை. அறையிலிருந்து தண்ணீருக்கு எத்தனை நிமிடம் நடக்க வேண்டும் என்பதை மட்டும் பார்த்தோம். நீங்களும் அங்கிருந்தே ஆரம்பியுங்கள். ரிசார்ட்டில் தங்குவது ஆடம்பரத்துக்கு இல்லை. ஒரு மணி நேரம் தண்ணீர், இரண்டு மணி நேரம் இருட்டு அறை, திரும்ப ஒரு மணி நேரம் தண்ணீர் என்று பிரித்துக்கொள்ள முடிகிறதே, அதற்குத்தான் அந்தக் காசு.

நம் பக்கத்தில் அப்படித் தங்கும் வசதியோடு இருப்பவை அதிகம் இல்லை. பெங்களூரு–மைசூரு சாலையில் பிடதியில் 2005இல் திறந்த வொண்டர்லாவுக்குப் பக்கத்திலேயே அவர்களுடைய ரிசார்ட் இருக்கிறது. கோயம்புத்தூர்க்காரர்களுக்கு மேட்டுப்பாளையம் அருகே, நீலகிரி அடிவாரத்தில் பிளாக் தண்டர். சென்னையில் 2025 டிசம்பரில் திருப்போரூர் பக்கம் திறந்த வொண்டர்லா என்றால், கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ பழைய மகாபலிபுரம் சாலையிலோ அறை போட்டுக்கொண்டு போய்வரலாம். அப்படி வெளியே தங்கினால் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: வெளியே போய்விட்டு அதே டிக்கெட்டில் திரும்ப உள்ளே வர முடியுமா? முடியாது என்றால் மேலே சொன்ன கணக்கே உடைந்துவிடும்.

எந்த நாள்

மே மாதம் வேண்டாம், சனி ஞாயிறு வேண்டாம், பொங்கல் வாரம் வேண்டவே வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்த பிறகு வரும் ஒரு செவ்வாயோ புதனோ நல்லது; பள்ளிக்கு இரண்டு நாள் மட்டம் போட்டால் ஒன்றும் குடிமுழுகாது. ஆனால் வார நாள் என்றாலே கூட்டம் இருக்காது என்று நம்பி ஏமாறாதீர்கள். குளிர்காலத்தில் வார நாட்களில்தான் பள்ளிச் சுற்றுலா பஸ் வரிசையாக வந்து நிற்கும், ஒரே நிற டீ-ஷர்ட்டில் முந்நூறு பிள்ளைகள் விசில் அடித்துக்கொண்டு இறங்குவார்கள். அதனால் போன் செய்து, "அன்னைக்கு எத்தனை ஸ்கூல் குரூப் புக் ஆகியிருக்கு?" என்று நேராகவே கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.

அதே போனிலேயே இன்னும் சிலவற்றைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்ப் பகுதி எத்தனை மணிக்குத் திறக்கிறது (பல இடங்களில் கேட் திறக்கும் நேரம் வேறு, தண்ணீர் திறக்கும் நேரம் வேறு, அந்த இடைவெளியில் மாட்டிக்கொண்டால் போச்சு). அலைக்குளத்தில் அலை விடும் முன் சைரன் அடிப்பார்களா, எத்தனை மணிக்கு. டி.ஜே. பாட்டு எந்த மூலையில், எப்போது. அறை கேட்கும்போது ஜெனரேட்டர், லிஃப்ட், கல்யாண ஹால் மூன்றுக்கும் தள்ளி வேண்டும் என்று சொல்லுங்கள். நீச்சல் குளத்தைப் பார்த்த தரைத்தள அறையைப் பெருமையாகக் கொடுப்பார்கள், வாங்காதீர்கள். ராத்திரி கதவைத் திறந்து ஓடும் பழக்கம் உள்ள பிள்ளைக்கு அது ஆபத்து.

காஸ்ட்யூம்தான் முதல் சண்டை

இதைப் பற்றி யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. பெரிய பார்க்குகளில் பருத்தித் துணியோடு தண்ணீரில் இறங்க விடமாட்டார்கள், நைலான் அல்லது லைக்ராதான். வழக்கமாக நைந்து மெத்தென்று போன பனியன் மட்டும் போடும் பிள்ளைக்கு, உடம்பை இறுக்கிப் பிடிக்கும் அந்தத் துணி எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அங்கே வாடகைக்கு எடுக்கும் எண்ணமே வேண்டாம். அதன் வாசனையிலேயே பாதிப் பிள்ளைகள் நின்றுவிடும். மூன்று வாரம் முன்பே வாங்கி, நான்கைந்து தடவை துவைத்து, கழுத்து லேபிளை வெட்டுங்கள். கத்தரியால் வெட்டினால் ஒரு முள் மாதிரி விளிம்பு மிஞ்சும், அது லேபிளைவிட மோசம், தையலைப் பிரித்து எடுங்கள். அப்புறம் தினமும் வீட்டுக் குளியலே அந்த உடையில்தான். எங்கள் வீட்டில் முதல் நாள் முழங்கால் வரை ஏற்றியதோடு சரி, இரண்டாம் நாள் இடுப்பு, ஏழாம் நாள்தான் தோள்பட்டை ஏறியது. எட்டாம் நாள் அவனே எடுத்து வந்தான்.

நிறம் நீலமோ வெள்ளையோ வேண்டாம், தண்ணீருக்குள் போனால் கண்ணுக்குத் தெரியாது. கண்ணைக் குத்தும் ஆரஞ்சு அல்லது பளிச்சென்ற மஞ்சள் பச்சை வாங்குங்கள்.

கைப்பட்டைக்கும் இதே ஒத்திகை. வீட்டில் ஒரு ரிப்பனைக் கட்டி ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று பழக்கலாம். கொஞ்சமும் ஒத்துவரவில்லை என்றால் கணுக்காலில் கட்டச் சொல்லிக் கேளுங்கள். சிமெண்ட் தரை வெயிலில் அடுப்பு மாதிரி சுடும், ரப்பர் செருப்பு கண்டிப்பாக வேண்டும். காதுக்கு வழக்கமான ஹெட்போன் தண்ணீரில் உதவாது. நீச்சல்காரர்கள் போடும் காதுப்பட்டை கிடைக்கிறது, அதையும் வீட்டிலேயே பழக்குங்கள்.

முன்கூட்டியே காட்டுங்கள்

அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் செசமி பிளேஸ் என்ற பார்க் 2018இல் ஆட்டிசம் மையமாகச் சான்றிதழ் வாங்கியது. அங்கே ஒவ்வொரு சவாரிக்கும் தொடுதல், சுவை, சத்தம், மணம், பார்வை என்று ஐந்து புலனுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டுப் பலகை வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அது வரும்வரை காத்திருக்க வேண்டாம், நாமே போட்டுக்கொள்ளலாம். யூடியூபில் நீங்கள் போகப்போகும் பார்க்கின் வீடியோக்களைத் தனியாகப் பாருங்கள், தினசரி காலண்டர் தாளின் பின்பக்கம் ஒவ்வொரு இடத்துக்கும் மதிப்பெண் எழுதுங்கள். மெதுவாக மிதந்துபோகும் ஆறு: சத்தம் 3, முகத்தில் தண்ணீர் 2. தலைக்கு மேல் கவிழும் பெரிய வாளி: சத்தம் 9, முகத்தில் தண்ணீர் 10. உங்கள் பிள்ளைக்கு எதெல்லாம் ஒத்துவரும் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். ஐந்து இடம் தேறினால் போதும்.

பிறகு பிள்ளைக்குக் காட்டுங்கள், முதலில் சத்தம் இல்லாமல், நாலைந்து நாள் கழித்துக் கொஞ்சம் சத்தத்தோடு. அறை, பட்டை, லாக்கர், தண்ணீர், துண்டு, திரும்ப அறை என்று படங்களை வரிசையாக ஒட்டி ஒரு சின்னக் கதைப் புத்தகம் செய்யுங்கள். "மழை வந்தால் சவாரி நிற்கும்" என்று ஒரு பக்கம் கட்டாயம் இருக்கட்டும்.

பேசாத பிள்ளைகள் பலர் ஆவாஸ் மாதிரிச் செயலியில் பேசுவார்கள் (படத்தைத் தொட்டால் அதுவே பேசும்; சென்னையில் உருவானது, தமிழிலும் வருகிறது). ஆனால் டேப்லெட்டைத் தண்ணீருக்குள் கொண்டுபோக முடியாது. வேண்டும், போதும், வலிக்கிறது, அறைக்குப் போகணும், பாத்ரூம், இந்த ஐந்து படத்தை லாமினேட் செய்து ஒரு வளையத்தில் கோர்த்து உங்கள் இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். குரலை லாக்கரில் பூட்டிவிட்டுப் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கக்கூடாது.

தண்ணீர் ஆபத்து, இதில் சமரசம் இல்லை

2017இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின் கணக்குப்படி, 14 வயது வரையிலான ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்ற பிள்ளைகளைவிடச் சுமார் 160 மடங்கு. நம் பிள்ளைகள் தண்ணீரை நோக்கி ஓடுவார்கள், ஆழம் பார்க்க மாட்டார்கள், கூப்பிட்டால் திரும்ப மாட்டார்கள். லைஃப் கார்டு இருக்கிறார் என்பது உங்களுக்கு விடுமுறை இல்லை.

ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர், கை நீட்டினால் தொடும் தூரத்தில். நான்கு பேர் பார்த்துக்கொள்கிறோம் என்றால் யாரும் பார்க்கவில்லை என்று அர்த்தம். நாங்கள் ஆளை மாற்றும்போது வாய்விட்டுச் சொல்வோம்: "இப்ப உன் கையில." "சரி, என் கையில." பதில் வரும்வரை முதல் ஆள் நகரக்கூடாது. கேட்க நாடகம் மாதிரி இருக்கும், பரவாயில்லை. கையில் மாட்டும் காற்றுப் பலூன் கழன்றுவிடும். அளவான லைஃப் ஜாக்கெட்தான் வேண்டும். அதையும் வீட்டிலேயே போட்டுப் பழக்குங்கள்.

காலையில் அறையை விட்டுக் கிளம்பும் முன் அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள். கையில் அழியாத மார்க்கரில் போன் நம்பர் எழுதுங்கள். உள்ளே போனதும் லைஃப் கார்டிடம் பிள்ளையைக் காட்டி, கூப்பிட்டால் திரும்ப மாட்டான், கையைப் பிடித்துத்தான் நிறுத்தணும் என்று சொல்லிவிடுங்கள். பிடதி போகிறவர்கள் இதையே ஒரு சின்ன அட்டையில் கன்னடத்திலும் அச்சடித்துக்கொண்டால் பேச்சு மிச்சம். பிள்ளை கண்ணில் படவில்லை என்றால் ஐஸ்கிரீம் கடையில் தேடாதீர்கள், அறையில் தேடாதீர்கள். முதலில் தண்ணீரில் பாருங்கள், மற்ற இடமெல்லாம் அப்புறம்.

வலிப்பு இருக்கும் பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்காமல் டிக்கெட் போட வேண்டாம். தூக்கம் கெட்டாலே வலிப்பு வரக்கூடும். முதல் நாள் ராத்திரிப் பயணம் செய்து காலையில் நேரே பார்க் போவது மோசமான யோசனை. சில மருந்துகள் வியர்வையைக் குறைத்து உடம்புச் சூட்டை ஏற்றிவிடும், உங்கள் மருந்து அந்த வகையா என்பதையும் கேட்டு வாருங்கள்.

அங்கே போனதும்

முதல் நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தால் அன்றைக்குப் பார்க் வேண்டாம். அறையை அவன் பரிசோதிக்கட்டும். ஃபேன், சுவிட்ச், ஃப்ளஷ், எல்லாம் ஒவ்வொன்றாக. வீட்டுப் போர்வை, தலையணை உறை, அவனுடைய மக், மூன்றையும் எடுத்துப் போங்கள். கதவில் ஒட்டும் சின்ன அலாரம் ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும்; திறந்தால் அலறும், ராத்திரி நிம்மதி.

சாப்பாட்டில் வீரம் காட்டாதீர்கள். ரிசார்ட் பஃபேயில் நாற்பது வகை இருந்தாலும் நம் பிள்ளைக்கு வேண்டியது தாளிக்காத தயிர்சாதம்தான். சமையல்காரரிடம் முதல் நாளே நேரில் போய்ச் சொல்லுங்கள். எங்களுக்குக் கிடைத்த அண்ணன், கடுகு போட்டதைத் திருப்பி எடுத்துப் போய், புதிதாகப் பிசைந்து, "ஒரு கடுகு இல்லை சார், எண்ணிப் பாருங்க" என்று கொண்டுவந்து வைத்தார். வெளிச் சாப்பாடு உள்ளே விடமாட்டார்கள் என்றால், டாக்டர் கடிதம் ஒன்று கையில் இருந்தால் வாசலில் பேச்சு சுருக்கமாக முடியும்.

வரிசை? ஊனமுற்றோர் உரிமைச் சட்டம் 2016 ஆட்டிசத்தையும் ஒரு மாற்றுத்திறனாகவே சேர்த்திருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கு அரசு தரும் யு.டி.ஐ.டி. அடையாள அட்டையை எடுத்துப் போங்கள், தயங்காமல் காட்டுங்கள். ஆனால் அட்டையைப் பார்த்ததும் கதவு திறக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம், எந்த வேலையாளுக்கும் பயிற்சி இருக்காது. காசு கொடுத்து வேகமாகப் போகும் டிக்கெட் இருந்தால் வாங்கிவிடுவேன், கொள்கையெல்லாம் ஊருக்கு வந்து பேசிக்கொள்ளலாம்.

கூடப் பிறந்த பிள்ளை இருந்தால், அவளுக்கு என்று ஒரு பெரியவரை ஒதுக்குங்கள். எங்கள் மகள் பெரிய சறுக்கலில் அப்பாவோடு ஆறு தடவை போனாள், தம்பியைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். சித்தி, பெரியப்பா என்று பதினான்கு பேர் வேனில் போவதெல்லாம் வேறு ஒரு பயணம், அதை இதோடு சேர்க்காதீர்கள்.

உள்ளே இறக்குவதைவிட வெளியே கொண்டுவருவதுதான் பெரும்பாடு. "அஞ்சு நிமிஷம்" என்றால் அவனுக்கு ஒன்றும் புரியாது. எண்ணிக்கை புரியும். "இன்னும் மூணு தடவை" என்று மூன்று விரல் காட்டி, ஒவ்வொரு தடவையும் ஒரு விரலை மடக்குங்கள். மூன்று முடிந்ததும் நான்காவது கிடையாது, அழுதாலும் கிடையாது. ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் விரல் கணக்குக்கு மதிப்பு போய்விடும். வெளியே வந்த நொடியில் பெரிய துண்டால் இறுக்கிச் சுற்றி, அவனுக்குப் பிடித்த ஒரு தின்பண்டம், நேரே அறை. பெரிய பார்க்கில் எங்கள் மொத்தத் தண்ணீர் நேரம் ஒரு நாளைக்கு இரண்டரை மணி. எனக்கு அது வெற்றிதான்.

நடுவில் பிள்ளை கத்தி அழுது வெடித்துவிட்டால் சுற்றி நிற்பவர்களுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். "ஆட்டிசம்மா, கொஞ்சம் வழி விடுங்க", இந்த நாலு வார்த்தை போதும். ஒரு பாட்டி வந்து நெற்றியில் விபூதி வைக்கப் பார்ப்பார், அதையும் சிரித்துக்கொண்டே தடுக்க வேண்டியிருக்கும்.

திரும்பிய மறுநாளும் லீவு போடுங்கள், பள்ளியும் இல்லை தெரபியும் இல்லை. அப்புறம் அந்தக் காஸ்ட்யூமைத் துவைத்துக் காயவைத்து அவன் கண்ணில் படாத உயரத்தில் வையுங்கள். நாங்கள் கொடியிலேயே விட்டுவிட்டோம். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு, செருப்பும் மாட்டி, வாசல் கதவருகே நின்றுகொண்டிருந்தான்.